வீட்டுக்குள் சுருங்கும் மொழி: மதுரையில் சௌராஷ்டிரம்

மதுரை விளக்குத்தூணிலிருந்து திருமலை நாயக்கர் மகாலை நோக்கி நடந்தால், மகால் தெருக்களிலும் பந்தடித் தெருக்களிலும் தமிழல்லாத ஒரு மொழி காதில் விழும். கடைக்காரர் வாடிக்கையாளரிடம் மதுரைத் தமிழில் விலை சொல்லிவிட்டு, அதே மூச்சில் உள்ளே இருக்கும் தம்பியிடம் வேறொரு மொழியில் சேலைக் கட்டை எடுத்து வரச் சொல்வார். அந்த மொழிதான் சௌராஷ்டிரம். அதைப் பேசுவோரை ஊரார் நெடுங்காலமாகப் பட்டுநூல்காரர் என்று அழைத்து வந்தார்கள். மதுரைக்கு வெளியே நிலையூர் கைத்தறி நகர், பரமக்குடி, எமனேஸ்வரம், திண்டுக்கல், சேலம், கும்பகோணம், தஞ்சாவூர், பாளையங்கோட்டை என்று நெசவு இருந்த ஊர்களிலெல்லாம் இம்மொழியும் இருக்கிறது. இந்தோ-ஆரியக் குடும்பத்தைச் சேர்ந்த ஒரு மொழி, பல நூற்றாண்டுகளாகத் தமிழுக்கு நடுவே, தனக்கென ஓர் அரசோ ஆட்சிப் பரப்போ இல்லாமல் பேசப்பட்டு வந்திருக்கிறது.

அது இன்னும் எவ்வளவு காலம் பேசப்படும் என்பதே கேள்வி. 2001 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் சௌராஷ்டிரத்தைத் தாய்மொழியாகச் சொன்னவர்கள் 1,85,420 பேர். 2011இல் 2,47,702 பேர். பத்தாண்டில் மூன்றில் ஒரு பங்கு கூடியிருப்பதைப் பார்த்து மகிழ்ந்துவிடக் கூடாது. அதே பத்தாண்டில் தமிழ்நாட்டின் மக்கள்தொகை 15.6 விழுக்காடுதான் வளர்ந்தது. ஆகவே இந்த உயர்வின் பெரும்பகுதி பிறப்பால் வந்ததாக இருக்க முடியாது. கணக்கெடுப்பாளரிடம் என்ன பதில் சொல்வது என்பது மாறியதால் வந்தது என்றே கொள்ள வேண்டும். வீட்டில் சௌராஷ்டிரம் பேசிக்கொண்டே தாய்மொழி தமிழ் என்று எழுதச் சொல்லும் குடும்பங்கள் உண்டு. பேசவே வராத பிள்ளைகளுக்கும் சேர்த்துச் சௌராஷ்டிரம் என்று பதிய வைக்கும் குடும்பங்களும் உண்டு. பேத்தி பாட்டியிடம் எந்த மொழியில் பதில் சொல்கிறாள் என்பதை இந்த எண் காட்டாது. மொழியின் ஆயுளோ அந்தப் பதிலில்தான் இருக்கிறது.

இந்தக் கேள்வியைச் சுவிட்சர்லாந்தின் ரொமான்ஷ் மொழியோடு வைத்துப் பார்ப்பது பயன் தரும். ஆல்ப்ஸ் மலைப்பகுதியான கிராபுண்டன் மாநிலத்தின் மொழி அது; நாடு முழுவதும் சுமார் 60,000 பேர் அதைப் பேசுகிறார்கள். அதாவது சௌராஷ்டிரம் பேசுவோரில் நாலில் ஒரு பங்கு. அதற்கும் எல்லைக்கு அப்பால் துணை நிற்க ஒரு தாயகம் கிடையாது. ஆயினும் 1919இல் லியா ருமான்ச்சா என்ற அமைப்பை நிறுவினார்கள். 1938 பிப்ரவரி 20 அன்று நடந்த பொது வாக்கெடுப்பில், வாக்களித்த சுவிஸ் மக்களில் பத்தில் ஒன்பது பேருக்கும் மேல் ரொமான்ஷைத் தேசிய மொழிகளுள் ஒன்றாக ஏற்றார்கள். இன்று அம்மொழியில் தொடக்கப்பள்ளி உண்டு, வானொலியும் தொலைக்காட்சியும் உண்டு. இவ்வளவு இருந்தும் அது அழியும் அபாயத்தில் உள்ள மொழி என்றே கருதப்படுகிறது. அப்படியானால் இவற்றில் ஒன்றுமே இல்லாத சௌராஷ்டிரம் இத்தனை காலம் எதைப் பற்றிக்கொண்டு நின்றது?

பழைய வரலாற்றை இங்கே விரிவாகச் சொல்லத் தேவையில்லை. குப்தர் காலத்தில், ஐந்தாம் நூற்றாண்டில், இன்றைய குஜராத்திலுள்ள லாட நாட்டிலிருந்து இன்றைய மந்தசோரான தசபுரத்துக்குக் குடிபெயர்ந்த பட்டு நெசவாளர் குழு ஒன்று அங்கே சூரியனுக்குக் கோயில் கட்டியதை மந்தசோர்க் கல்வெட்டு சொல்கிறது. சமூகத்தார் தம் முன்னோரை அந்தக் குழுவோடு இணைத்துப் பேசுகிறார்கள். பிறகு தேவகிரி, விஜயநகரம், அங்கிருந்து நாயக்கர் காலத்து மதுரை என்பது வழிவழியாகச் சொல்லப்படும் பயணம். இதில் கல்வெட்டை விட உறுதியான சாட்சி மொழியே என்பது என் எண்ணம். அடிப்படை குஜராத்தி, மராத்தியோடு உறவுடையது. அதன் மேல் தெலுங்கும் கன்னடமும் தமிழும் படிந்திருக்கின்றன. கடந்து வந்த ஊர்களையெல்லாம் வரிசையாகத் தன்னுள் வைத்திருக்கும் பேச்சு அது. குஜராத்தின் சௌராஷ்டிரப் பகுதியில் உள்ள இன்றைய ராஜ்கோட்காரருக்கு மதுரைச் சௌராஷ்டிரம் எளிதில் விளங்காது. 2023 ஏப்ரலில் சோமநாதத்தில் தொடங்கிய சௌராஷ்டிர தமிழ்ச் சங்கமத்துக்கு மதுரையிலிருந்து தனி ரயிலில் போனவர்களுக்கு முன்னோர் மண்ணைப் பார்த்த நிறைவு கிடைத்திருக்கும். நாட்டின் கவனமும் சில நாட்கள் இச்சமூகத்தின் மேல் விழுந்தது. ஆனால் குஜராத்தி படித்துச் சௌராஷ்டிரத்தைக் காக்க முடியாது. இந்த மொழி வளர்ந்த ஊர் மதுரை. காப்பதானால் இங்கேதான் காக்க வேண்டும்.

காக்கும் முயற்சிகளின் வரலாறு பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் தொ. மு. இராமராயோடு தொடங்குகிறது. 1852இல் பிறந்து 1913இல் மறைந்த இராமராய், 1880களிலிருந்து சௌராஷ்டிர எழுத்தைச் சீர்ப்படுத்தி, அச்செழுத்து வார்க்க வைத்து, பாடநூல்கள் எழுதினார். இலக்கணத்தை வினா-விடையாகச் சொல்லும் சிறு நூலை 1905இலும், ‘சௌராஷ்டிர போதினி’யை 1906இலும் வெளியிட்டார். எல்லாம் குழந்தைகளுக்கான நூல்கள். அறிஞர்களுக்குப் பெருநூல் எழுதுவதை விட, ஐந்து வயதுப் பிள்ளை எழுத்துக் கூட்டிப் படிக்க வேண்டும் என்பதே அவருக்கு முதன்மையாக இருந்தது. அவர் செய்தவற்றுள் இதையே நான் மிகப் பெரியதாக மதிக்கிறேன். பின்னால் வந்தவர்கள் அவருடைய எழுத்தைப் பற்றிப் பேசிய அளவுக்கு அவருடைய அரிச்சுவடியைப் பற்றிப் பேசவில்லை.

எழுத்துச் சிக்கல் உண்மையிலேயே கடினமானதுதான். தமிழில் ஒரு க, ஒரு ச, ஒரு த, ஒரு ப போதும். சௌராஷ்டிரத்துக்கு ஒவ்வொன்றிலும் நான்கு வேண்டும். அதற்கு மேல், ந, ம, ர, ல ஆகிய ஒலிகளோடும் மூச்சொலி சேர்ந்து வரும். இது எல்லா இந்திய மொழிகளிலும் காணப்படும் இயல்பல்ல. இராமராயின் எழுத்தில் இதற்கென்றே ‘ஹாரு’ என்ற தனிக் குறி இருக்கிறது; ஒலிக்கும் எழுத்துக்கும் அவ்வளவு பொருத்தம். ஆனாலும் 1920இல் மதுரையில் கூடிய சமூகத்தார், தேவநாகரியை ஏற்பது என்று தீர்மானித்தார்கள். வடமொழியோடும் நாட்டின் பிற பகுதிகளோடும் இணைப்பு வேண்டும் என்று அக்காலத்துப் படித்தவர்கள் எண்ணியது புரிந்துகொள்ளக் கூடியதே. தேவநாகரியில் சில நூல்கள் வந்தன. தறியில் உட்கார்ந்திருந்தவர் அவற்றைப் படிக்கவில்லை. பிறகு மூன்றாவது வழியாகத் தமிழெழுத்து வந்தது. எழுத்தின் தலைமாட்டில் 2, 3, 4 என்று சிறு எண்களையும், மூச்சொலிக்குப் பக்கத்தில் முக்காற்புள்ளியையும் இட்டு அச்சிட்டார்கள். மதுரையில் பள்ளிக்குப் போன எந்தச் சௌராஷ்டிரரும் அரைமணி நேரத்தில் பழகிக்கொள்ளக் கூடிய முறை அது. இன்று அச்சாகும் நூல்களிலும், கைப்பேசிச் செய்திகளிலும் பெரும்பாலும் இந்தத் தமிழெழுத்துதான். செய்திகளில் எண்கூட இருக்காது.

இராமராயின் எழுத்துக்கு ஆதரவு முற்றிலும் அற்றுப் போய்விடவில்லை. பகவத்கீதையைச் சௌராஷ்டிரத்தில் தந்த கே. வி. பத்மநாப ஐயர் அதன் பக்கம் நின்றார். ஓ. எஸ். சுப்பிரமணியனின் ‘பாஷாபிமானி’ இதழ் மதுரையிலிருந்து அந்த எழுத்திலேயே வெளிவந்தது. 2008 ஏப்ரலில் யூனிகோடின் 5.1ஆம் பதிப்பில் சௌராஷ்டிர எழுத்துக்கு இடம் கிடைத்தது. கூகுளின் நோட்டோ எழுத்துரு வரிசையிலும் அது இருக்கிறது. இன்று உலகின் எந்த மூலையிலும் ஒருவர் கணினியில் இந்த எழுத்தைப் பார்க்கலாம், அச்சிடலாம். 1880களில் ஈயத்தை வார்த்துத் தொடங்கிய வேலைக்கு இது பெரிய வெற்றி. ஆனால் அதைப் படிக்கத் தெரிந்த பிள்ளைகள் எத்தனை பேர் என்று கேட்டால், எழுத்துக்காக உழைத்தவர்களே பெருமூச்சு விடுகிறார்கள்.

ரொமான்ஷ்காரர்களும் ஏறக்குறைய இதே சிக்கலில் மாட்டிக்கொண்டார்கள். அவர்களுக்குப் பள்ளத்தாக்குக்கு ஒன்றாக ஐந்து எழுத்து வழக்குகள். 1982இல் சூரிச் பேராசிரியர் ஹைன்ரிக் ஷ்மிட் ஐந்துக்கும் பொதுவான ஒரு வழக்கை வடித்துத் தந்தார். அரசு அலுவலுக்கு அது பொருந்தியது. பள்ளிப் பாடநூல்களையும் அதற்கே மாற்றுவது என்று மாநிலம் முடிவெடுத்தபோது, பெற்றோர் எதிர்த்தார்கள். எங்கள் பாட்டி பேசாத மொழியில் எங்கள் பிள்ளை ஏன் படிக்க வேண்டும் என்பது அவர்கள் வாதம். பல ஊர்கள் மீண்டும் தத்தம் வழக்குக்கே திரும்பின. எது செம்மையானது என்பதை விட எது பிள்ளைக்குக் கிட்டத்தில் இருக்கிறது என்பதையே அந்தப் பெற்றோர் பார்த்தார்கள். மதுரைக்கும் அது பொருந்தும் என்று நினைக்கிறேன். பாடமும் பாட்டும் கதையும் எண்ணிட்ட தமிழெழுத்தில் வரட்டும். இராமராயின் எழுத்தை விழா அழைப்பிதழிலும், கோயில் கல்வெட்டிலும், வீட்டுப் பெயர்ப் பலகையிலும், ஆர்வமுள்ளோர் வகுப்பிலும் போற்றி வைக்கலாம். நூறாண்டுக்கு மேலாக நடக்கும் எழுத்து வழக்குக்குத் தீர்ப்பு வரும் வரை பேச்சு காத்திருக்காது.

மொழியை இதுவரை நிலைக்க வைத்தது எழுத்தல்ல. இரண்டு வேறு இடங்கள்: தறியும் பஜனையும்.

கைத்தறி வீட்டுத்தொழில் என்பதை நாம் பலமுறை சொல்கிறோம், அதன் பொருளை முழுதாக எண்ணிப் பார்ப்பதில்லை. குழித்தறியில் அப்பா உட்கார்ந்திருப்பார். அம்மா ராட்டையில் நூல் இழைப்பார். பிள்ளைகள் நாடாவுக்குத் தார் சுற்றித் தருவார்கள். விடியலில் தெருவை அடைத்துப் பாவு விரித்துக் கஞ்சி போடும்போது பக்கத்து வீட்டாரும் கை கொடுப்பார்கள். சாயப்பட்டறையும் பக்கத்துத் தெருவிலேயே. சுங்குடிச் சேலைக்கு முடிச்சுப் போடும் வேலை முழுக்க முழுக்கப் பெண்களுடையது. நடுவீட்டில் நாலைந்து பேர் வட்டமாக உட்கார்ந்து பேசிக்கொண்டே ஆயிரக்கணக்கான முடிச்சுகளை விரலால் போடுவார்கள். வேலை இடம், குடும்பம், அக்கம்பக்கம் ஆகிய மூன்றும் ஒன்றாக இருந்ததால் காலையிலிருந்து இரவு வரை ஒரே மொழி போதுமானதாக இருந்தது. பிள்ளைக்கு யாரும் சௌராஷ்டிரம் கற்பிக்கவில்லை. தார் சுற்றியபோது அது தானாக வந்தது. தறியின் ஒவ்வொரு கட்டைக்கும், நூலின் ஒவ்வொரு பிழைக்கும், சாயத்தின் ஒவ்வொரு பதத்துக்கும் அதில் சொல் இருந்தது.

விசைத்தறி வந்து, நூல் விலை ஏறி, கூலி தேங்கியபோது இந்தக் கட்டமைப்பு குலைந்தது. மகன்கள் ஜவுளிக்கடை, நகைக்கடை, வங்கி, கணினி வேலை என்று போனார்கள். அதில் குறை சொல்ல ஏதுமில்லை. குழியில் கால் வைத்து முதுகு வளைந்த தந்தை, மகனுக்கு வேறு வாழ்வு வேண்டும் என்றுதான் படிக்க வைத்தார். மதுரைச் சுங்குடிக்குப் புவிசார் குறியீடு கிடைத்துவிட்டது. ஆனால் சந்தையில் சுங்குடி என்று விற்பவற்றில் முடிச்சே இல்லாத அச்சுச் சேலைகள் மிகுதி. முடிச்சுப் போடும் வட்டம் கலைந்தபோது அந்த வட்டத்தின் பேச்சும் கலைந்தது. சமூகத்தின் மொழி அமைப்புகள் இந்த இழப்பைத் தொழில் இழப்பாகப் பார்த்த அளவுக்கு மொழி இழப்பாகப் பார்க்கவில்லை. கும்பகோணத்துச் சௌராஷ்டிர நெசவாளர் வாழ்க்கையை எம். வி. வெங்கட்ராம் ‘வேள்வித் தீ’ நாவலில் பதிவு செய்தார். ‘காதுகள்’ நாவலுக்கு 1993இல் சாகித்ய அகாதெமி விருது பெற்ற அவர், தாய்மொழி சௌராஷ்டிரமாக இருந்தும் தமிழில்தான் எழுதினார். மதுரைச் சௌராஷ்டிரக் குடும்பத்தில் பிறந்த பாடகர் டி. எம். சௌந்தரராஜனின் குரலும் தமிழுக்கே வந்து சேர்ந்தது. தமிழ் இவர்களால் பெற்றது பெரிது. தமிழைத் தாய்மொழியாகக் கொண்ட நாம், இம்மொழியின் நிலையை அவர்கள் வீட்டு விஷயம் என்று விட்டுவிடக் கூடாது என்று நான் கருதுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

பஜனை இன்னும் உயிரோடு இருக்கிறது. 1843இல் மதுரையில் பிறந்த இராமபத்திரன், வைணவத்தில் ஆழ்ந்து, தன்னைக் கண்ணனின் நாயகியாகவே வரித்துக்கொண்டு, நடனகோபால நாயகி சுவாமிகள் ஆனார். நெசவாளர் பேசும் சௌராஷ்டிரத்திலும், தமிழிலும் பாடல்கள் இயற்றினார். 1914இல் வைகுண்ட ஏகாதசியன்று மறைந்தார். அழகர்கோவில் போகும் வழியில் காதக்கிணற்றில் அவர் பிருந்தாவனம் இருக்கிறது. அவருக்கு முந்தைய தலைமுறையில் வெங்கடசூரி சுவாமிகள் ராமாயணத்தையே சௌராஷ்டிர இசைப்பாடலாக ஆக்கியிருந்தார். ஆனால் தெருவில் பரவியது நாயகி சுவாமிகளின் பாட்டுதான். மார்கழி விடியலில் மிருதங்கமும் ஜால்ராவுமாகத் தெருவலம் வரும் பஜனைக் குழுவில், வீட்டில் தமிழே பேசும் இளைஞரும் சௌராஷ்டிர வரிகளைப் பிழையில்லாமல் பாடுகிறார். மதுரையிலுள்ள கீதா நடனகோபால நாயகி மந்திர் போன்ற இடங்களில் இந்தப் பாடல்கள் தொடர்ந்து ஒலிக்கின்றன. இது பெரும் செல்வம். அதே வேளையில், பாட்டில் மட்டும் தங்கிய மொழிக்கு என்ன நேரும் என்பதற்கு நம் கண்முன்னே உதாரணங்கள் உண்டு. தெலுங்கு அறியாத தமிழர் தியாகராஜர் கீர்த்தனைகளை உருகிப் பாடுகிறார். அந்த உருக்கத்தால் தமிழ்நாட்டில் தெலுங்கு பேசுவோர் கூடவில்லை. பாட்டைப் பாடுபவரிடம் வரியின் பொருளைக் கேட்டுப் பேச்சுக்கு இழுக்கும் ஏற்பாடு பஜனையோடு சேர வேண்டும்.

அறிஞர் உலகம் இந்த மொழியை ஒதுக்கிவிடவில்லை. எச். என். ராண்டில் 1940களில் எழுதிய கட்டுரைகள், 1976இல் ராஜ்கோட்டிலிருந்து வந்த ஐ. ஆர். தவேயின் நூல் இரண்டும் நல்ல அடித்தளங்கள். ஜப்பானிய அறிஞர் நோரிஹிகோ உச்சிடா வாய்மொழி இலக்கியத்தைத் தொகுத்தார்; திருப்பதிச் சௌராஷ்டிரத்தை ஆராய்ந்தார்; 1990இல் ஜெர்மனியின் வீஸ்பாடனிலிருந்து சௌராஷ்டிர-ஆங்கில அகராதியை வெளியிட்டார். சாகித்ய அகாதெமி, அரசியலமைப்பின் எட்டாவது அட்டவணையில் இல்லாத மொழிகளுக்கும் தரும் பாஷா சம்மானைத் தாடா சுப்பிரமணியம், கே. ஆர். சேதுராமன் ஆகியோருக்கும், பின்னர் டி. ஆர். தாமோதரன், சரோஜா சுந்தரராஜன் ஆகியோருக்கும் வழங்கிச் சிறப்பித்தது. ‘ஹெட்டே ஜோமை’ என்று ஒரு திரைப்படமும் வந்தது. யூடியூபில் சமையலும் நகைச்சுவையும் சௌராஷ்டிரத்தில் கிடைக்கின்றன. இவை எல்லாவற்றிலும், பாட்டி சமையல் சொல்லித் தரும் காணொளிதான் எனக்கு நம்பிக்கை தருகிறது, ஏனென்றால் அதில் மொழி ஒரு வேலைக்குப் பயன்படுகிறது.

எட்டாவது அட்டவணையில் சேர்க்க வேண்டும் என்பது சமூகத்தின் பழைய கோரிக்கை. நியாயமான கோரிக்கைதான். 2011இல் 24,821 பேர் தாய்மொழியாகச் சொன்ன சமஸ்கிருதம் அட்டவணையில் இருக்கிறது. அதைப் போல் பத்து மடங்கு பேர் சொன்ன சௌராஷ்டிரம், அட்டவணைக்கு வெளியே உள்ள 99 மொழிகளில் ஒன்று. ஆனால் அட்டவணை தருவது தகுதியும் பரிசும் தேர்வுகளும். மூன்று வயதுப் பிள்ளையின் வாய்க்கு அது மொழியைக் கொண்டு வராது. அதற்கு உதவக்கூடிய விதி அரசியலமைப்பில் ஏற்கெனவே இருக்கிறது. 1956இல் சேர்க்கப்பட்ட 350அ பிரிவு, மொழிச் சிறுபான்மைக் குழந்தைகளுக்குத் தொடக்கநிலையில் தாய்மொழியில் கற்க வசதி செய்ய வேண்டும் என்கிறது. இந்த விதி யாருக்கெல்லாம் எட்டவில்லை என்பதையும் நினைக்க வேண்டும். மதுரைக்குப் பக்கத்தில் சக்கிமங்கலத்தில் வாழும் நரிக்குறவர்களின் வாக்ரிபோலியும் இந்தோ-ஆரிய மொழிதான். அதற்குச் சபை இல்லை, அச்சகம் இல்லை, கல்லூரி இல்லை, ஜி. சீனிவாச வர்மா 1970இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் வழியே வெளியிட்டது போன்ற ஆய்வுகள்தான் அதற்குக் கிடைத்த ஆதரவு.

சௌராஷ்டிரருக்கு அந்தக் குறை இல்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே மதுரையில் சபை அமைத்துப் பள்ளிகளை நிறுவிய சமூகம் இது. 1967இல் கல்லூரியும் தொடங்கினார்கள். மொழிச் சிறுபான்மை நிறுவனம் என்ற சட்டத் தகுதியோடு அந்தக் கல்லூரி இயங்குகிறது. ஆனால் இந்நிறுவனங்களின் வகுப்பறை மொழி தமிழும் ஆங்கிலமும்தான். முன்னோர் வேலைவாய்ப்பையும் முன்னேற்றத்தையும் எண்ணி அப்படி அமைத்தார்கள்; அதன் பலனை மூன்று தலைமுறை அனுபவித்தது. இன்று நிலைமை வேறு. அப்போது வீடு மொழியைப் பார்த்துக்கொள்ளும் என்று நம்ப முடிந்தது. இப்போது வீட்டிலேயே, பிள்ளைக்கு ஆங்கிலம் தடுமாறும் என்று அஞ்சி அம்மா தமிழுக்கும் ஆங்கிலத்துக்கும் மாறிவிட்டார். பெண்ணோ மாப்பிள்ளையோ வேறு சமூகமாக இருந்தால் தமிழே பொதுமொழியாகிறது. தனிவீட்டுத் தெருக்களை விட்டு அடுக்குமாடிக்குப் போனவர்களின் பிள்ளைகளுக்குச் சௌராஷ்டிரம் பேசும் விளையாட்டுத் தோழரும் இல்லை.

நியூசிலாந்தின் மாவோரிகள் 1982இல் இதே இடத்தில் நின்றார்கள். பெற்றோர் தலைமுறை மொழியை இழந்திருந்தது, தாத்தா பாட்டிகளிடம் மட்டும் மிச்சம் இருந்தது. பள்ளி வயதுக்கு முந்தைய குழந்தைகளை அந்த முதியவர்களோடு நாள் முழுதும் விட்டார்கள். பாடத்திட்டம் பின்னால் வந்தது. முதலில் பேச்சு, பாட்டு, சாப்பாடு, தூக்கம் எல்லாம் மாவோரியில் நடந்தன. அதிலிருந்து ஒரு புதிய தலைமுறை பேச்சாளர்கள் வந்தார்கள். மதுரையில் இதைச் செய்யத் தேவையான எல்லாமே கைக்கெட்டும் தூரத்தில் இருக்கின்றன. சமூகத்தின் பள்ளிகளில் மழலையர் வகுப்பைத் திறக்க இடம் உண்டு. கைத்தறி நகரிலும் கிருஷ்ணாபுரத்திலும் தறியை விட்டு ஓய்ந்த அம்மாக்களும் தாத்தாக்களும் இருக்கிறார்கள். அவர்களுக்குக் கதை தெரியும், தறியின் சொற்களும் தெரியும். ஆங்கிலவழிக்கோ தமிழுக்கோ இதனால் குறைவு வராது. இரண்டு மொழியில் வளரும் பிள்ளை மூன்றாவதைத் தூக்கிச் சுமக்கும் என்பதற்கு மகால் தெருவின் கடைக்காரர்களே சாட்சி.

அந்த மழலையர் வகுப்பை யார் நடத்துவது, முதியவர்களுக்கு என்ன ஊதியம் தருவது, அங்கே பிள்ளைகள் கேட்கும் கதைகளையும் தறிச் சொற்களையும் யார் ஒலிப்பதிவு செய்வது என்று சபையின் கூட்டத்தில் பேச வேண்டும். எழுத்து பற்றிய விவாதத்துக்கு ஒதுக்கும் நேரத்தில் பாதி போதும். ஜூன் மாதச் சேர்க்கைக்கு முன்னால் முடிவெடுத்துவிட்டால் முதல் வகுப்பை அந்த ஆண்டே தொடங்கிவிடலாம்.